உப்புப் பூத்த விளக்கு

அந்த விளக்கின் தலை ஒரு தகரப் பெட்டி. சக்கரம் வைத்த இரும்புக் கால் மேல் கூரை மாதிரி கவிந்து நிற்கும். பெட்டிக்குள் குட்டை டியூப்லைட்டுகள் நான்கு, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருக்கும். அடியில் ஒரு குழந்தையைக் கிடத்துகிற அளவுக்கு ஒரு தட்டு. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் கண்டால், உடுப்பையெல்லாம் கழற்றி, கண்ணை மட்டும் துணியால் மூடி, அந்தத் தட்டில் படுக்க வைத்து நீல வெளிச்சத்தை மேலே விழவிடுவார்கள். மஞ்சள் மெல்ல இறங்கும். இதெல்லாம் எனக்கு அதற்கு முன்னால் தெரியாது. வீட்டில் டியூப்லைட் எரியவில்லை என்றால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்து, சனியனே என்று திட்டிவிட்டு, குண்டு பல்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க ஒரு டியூப்லைட்டின் முன்னால் நின்றேன்.

சுனாமியில் கடல் பொங்கி வந்ததற்கு அடுத்த மழைக்காலம் அது. மரக்காணத்தில் ஒரு டாக்டரம்மா தனியாக நடத்திவந்த சின்ன ஆஸ்பத்திரியில்தான் என் மனைவிக்குப் பிரசவம். அவளுடைய ஊர் மரக்காணம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் அங்கே வந்திருந்தாள். நான் வானூர்ப் பக்கத்துக்காரன். கரும்பும் மணிலாக்கடலையும் பார்த்து வளர்ந்தவன். கல்யாணத்துக்குப் பிறகுதான் உப்பளத்தையே கிட்டத்தில் பார்த்தேன். அந்த ஊரில் எதைத் தொட்டாலும் ஒரு பிசுபிசுப்பு. போர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, தலை குளித்தால் முடி கயிறாகும். "எப்படித்தான் இந்த ஊர்ல பொறந்து வளந்தியோ" என்று மனைவியைக் கேலி செய்வேன். "உங்க ஊர்ல மட்டும் தேனா ஓடுது?" என்பாள்.

ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். பெண் குழந்தை. முதல் நாள் ரோஜா நிறத்தில் இருந்தது. அப்புறம் நிறம் மாற ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் மாநிறம் என்றே பேசிக்கொண்டிருந்தோம். காலையில் வந்த டாக்டரம்மா குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்தின இடம் மஞ்சளாகத் தெரிந்தது. அப்புறம் மார்பில், அப்புறம் வயிற்றில். ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"பயப்படற அளவுக்கு இன்னும் ஏறலை. ஆனா ஏறிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு ராத்திரி லைட்டு இல்லாம வச்சிருக்க முடியாது. நம்ம லைட்டு எரிஞ்சா இங்கேயே பாத்துக்கலாம். எரியலைன்னா பாண்டிச்சேரிக்குத்தான் அனுப்பணும்."

லைட் எரியவில்லை. அதுதான் சங்கதி. கடல் பொங்கின பிறகு உதவிக்கு வந்தவர்கள் யாரோ ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போன விளக்கு. பளபளவென்று வந்ததாம். போகப் போக இரண்டு டியூப் படுத்துவிட்டன. மிச்சம் இரண்டும் போன வாரம்வரை எரிந்தன. அடைமழை பிடித்ததும் அவையும் கண்ணை மூடிவிட்டன. ஸ்விட்சைப் போட்டால் சிமிட்டல் இல்லை, உறுமல் இல்லை, ஓரத்தில் ஒரு சிவப்புக்கூட இல்லை. கட்டை மாதிரி கிடந்தது. வெயிலில் காட்டலாம் என்றால், ஒரு வாரமாகச் சூரியனையே காணோம்.

பாண்டிச்சேரி என்ன பெரிய தூரமா என்று கேட்கலாம். சாதாரண நாளில் இல்லைதான். ஆனால் ரோட்டில் ஓரிரண்டு இடத்தில் தண்ணீர் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. வேன் டிரைவர் வந்து பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் கிளம்பினால் வருகிறேன், இருட்டினால் என்னால் முடியாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அதைவிடப் பெரிய சங்கடம், என் மனைவி போக முடியாது. தையல் போட்ட வயிறு, ராத்திரியிலிருந்து காய்ச்சல் வேறு. அவளை அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் ஏற்ற டாக்டரம்மா ஒப்பவே இல்லை. ஆக, போனால் குழந்தை மட்டும்தான் போக வேண்டும். பிறந்து நாலு நாள் ஆகாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு, பால் குடிக்கவே சரியாகத் தெரியாததை, மழைத் தண்ணீரில் வேனில். என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி, குழந்தையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். 

அப்போதுதான் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவர். தலையில் உரச் சாக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு வார்டுக்குள் நுழைந்தார்.

மச்சானைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் பட்ட பாடு புரியாது. மனுஷன் வாயைத் திறந்தால் அளப்புதான். "கரண்ட்டு எங்கிட்ட வாலாட்டாது மாப்ள" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். ஆனால் அவர் கைவைத்த எங்கள் வீட்டு மிக்ஸி அதற்கப்புறம் ஒரு சட்னிகூட அரைக்கவில்லை. எங்கள் கல்யாணத்தன்று மைக் செட்டில் ஏதோ சரி செய்கிறேன் என்று புகுந்து, தாலி கட்டுகிற நேரத்தில் தவில் மைக் செத்து நாதஸ்வரம் மட்டும் தனியாகக் கேட்கும்படி செய்தவர். அதைச் சொன்னால், "ஒயரு மட்டம்டா அது" என்பார். அவர் தப்பு என்று எதுவும் இந்த உலகத்தில் நடந்தது கிடையாது. அப்படிப்பட்டவர் வார்டு மூலையில் நின்ற அந்த விளக்கைச் சுற்றி வந்து, பெட்டியில் இரண்டு தட்டுத் தட்டி, "இவ்ளோதானா? டீ போடறதுக்குள்ள எரிய வச்சிடறேன்" என்று சொன்னபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? எங்கே போய் முட்டிக்கொள்வது என்றிருந்தது.

"மச்சான், இது மிக்ஸி இல்ல. குழந்தை விஷயம்."

"எனக்குத் தெரியாதா? தாய்மாமன்டா நானு. நீ நகரு."

முதலில் லோ வோல்டேஜ் என்றார். அந்தப் பக்கத்தில் சாயங்காலமானால் வோல்டேஜ் இறங்கி எல்லா வீட்டு டியூப்லைட்டும் மக்கர் செய்வது வழக்கம்தான். டாக்டரம்மா தலைக்கு மேலே கையைக் காட்டினார். ஃபேன் பறந்துகொண்டிருந்தது. "சரி, அது இல்ல" என்று கொஞ்சமும் கூச்சப்படாமல் அடுத்ததற்குப் போனார். அடுத்தது ஸ்டார்ட்டர், டியூபைச் சிமிட்டவைத்து எரியத் தொடங்கவைக்கிற குட்டி டப்பி. மழையில் ஓடி, மோட்டார் கொட்டகையில் எரிகிற விளக்கிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். அதைச் செருகித் திருகினார். ஸ்விட்சைப் போடச் சொன்னார். போட்டேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினார். சட்டென்று ஓரத்து டியூப் ஒரே ஒரு தடவை நீலமாக மின்னியது. நான் ஐயோ சாமி என்று கத்தியேவிட்டேன். அவ்வளவுதான், அணைந்துவிட்டது. அப்புறம் எத்தனை திருகினாலும் அசையவில்லை. காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"ஸ்டார்ட்டர் இல்ல. சோக்குதான்" என்று உட்கார்ந்தார். கரண்டைத் தாங்கிப் பிடித்து டியூபுக்கு அளந்து விடுகிற அந்தக் கனத்த கட்டியைத்தான் சோக் என்பார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, தான் வைத்திருந்த ஒரு குண்டு பல்போடு சேர்த்துப் பார்த்தார். எல்லா சோக்கும் நன்றாகவே இருந்தது. வெளியே வேன் டிரைவர் ஹாரனை ஒரு தடவை அடித்து நிறுத்தினார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "போதும் மச்சான், வுடுங்க. நான் குழந்தையத் தூக்கிட்டுக் கெளம்பறேன்" என்றேன். அவர் குனிந்த தலை நிமிராமல் அடுத்த திருகாணியைக் கழற்றினார். அளப்பில்லாமல் அந்த மனுஷனை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மனைவியின் கட்டிலுக்குப் போய்ச் சொன்னேன். அவள் குழந்தையை விடாமல், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எங்கண்ணன் அளப்பாரு. ஆனா பாதியில வுட்டுட்டு எழுந்து வர மாட்டாரு. இருட்டறவரிக்கும் பண்ணட்டும்ங்க." மிக்ஸி போன கதை அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் சொன்னாள். டாக்டரம்மாவும் யோசித்துவிட்டு, "வண்டி வாசல்லயே நிக்கட்டும். வெளிச்சம் இருக்கறவரைக்கும் பாக்கலாம்" என்றார். சரி என்று திரும்பி வந்தேன். வேறென்ன செய்ய?

மச்சான் அதற்குள் ஒரு நீல டியூபைக் கழற்றி எடுத்துக்கொண்டு பிரசவ அறைக்குப் போயிருந்தார். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே அதே அளவில் ஒரு குட்டை விளக்கு மாட்டியிருந்தது. அதன் டியூபை எடுத்துவிட்டு நீலத்தை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். இரண்டு சிமிட்டுச் சிமிட்டி அழகாக எரிந்தது. மற்ற மூன்றையும் மாட்டிப் பார்த்தார். ரொம்ப நாளாகச் செத்துவிட்டதாக ஒதுக்கி வைத்திருந்த இரண்டும்கூட எரிந்தன.

"இன்னா மாப்ள இது? டியூப் நல்லா கீது, சோக்கு நல்லா கீது, ஸ்டார்ட்டரும் என்னுது. அப்ப நடுவுல எவனோ கரண்ட்ட முழுங்கறான்." அப்புறம் தனக்குத்தானே, "அப்ப ஒரு தபா மின்னிச்சே, அது ஸ்டார்ட்டரால இல்ல. என் கை முட்டி டியூப்ல பட்டுது. டியூப் அசைஞ்சதுதான் காரணம்" என்றார்.

விளக்கின் தலையை வெளிச்சத்துக்குத் திருப்பி, டியூபின் இரண்டு முனையையும் பிடித்துக்கொள்கிற ஹோல்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் குனிந்தேன். பித்தளை நாக்குகள் பச்சைக் களிம்பேறி இற்றுப்போயிருந்தன. சுற்றிலும் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. மழை ஈரத்தில் அது கசிந்து பிசுபிசுவென்று இருந்தது. மச்சான் பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டார். சுண்டுவிரலால் அந்த வெள்ளையைத் தொட்டார். நான் வேண்டாம் என்பதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். உப்பளத்துக்காரர்களுக்கு எதையும் நாக்கில் வைத்தால்தான் நம்பிக்கை.

"உப்பு" என்று துப்பினார். "சுத்தமான உப்பு. அளத்துல விளையற மாதிரி விளைஞ்சிருக்கு."

எனக்குப் புரியவில்லை. கடற்காற்று என்றால் ஆஸ்பத்திரியில் உள்ள எல்லா விளக்கும் போயிருக்க வேண்டுமே? வார்டிலும் தாழ்வாரத்திலும் ஒட்டடையும் பல்லி எச்சமுமாகத் தொங்குகிற டியூப்லைட்டுகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன. வார்டு மூலையில், துணி போர்த்தி வைத்திருந்த இந்த விளக்குக்குள் மட்டும் எப்படி உப்பு வந்தது?

வார்டைப் பெருக்கித் துடைக்கிற ஆயாம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை. "அழுக்கு இருக்குதுன்னு மட்டும் சொல்லாதீங்க. தெனைக்கும் பொட்டிக்கு அடிய மூடற கண்ணாடித் தகட்டைக் கழட்டி, உள்ள கையவிட்டு, தண்ணி தொட்டு நான் தொடைக்கிறேன். கைக்கொழந்தைங்க படுக்கற எடமாச்சே, நான் வுட்டுடுவேனா?"

"எந்தத் தண்ணி ஆயாம்மா?" என்றார் மச்சான்.

"போர்த் தண்ணிதான். குடிக்கறத் தண்ணியிலயா தொடைப்பாங்க?"

 அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். சமைக்க ஒரு தண்ணீர், குடிக்க ஒரு தண்ணீர், போர்த் தண்ணீர் கழுவவும் துடைக்கவும் மட்டும். பிறந்ததிலிருந்து அப்படியே பழகிவிட்டதால், துடைக்கிற தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஆயாம்மா தினமும் அக்கறையாகத் துடைக்கத் துடைக்க, ஈரத் துணியிலிருந்து சொட்டினது ஹோல்டருக்குள் இறங்கி, காய்ந்து, மறுபடி இறங்கி, மறுபடி காய்ந்து, உப்பளப் பாத்தியில் போல உப்பாக விளைந்திருக்கிறது. யாரும் எட்டிப் பார்க்காத விளக்கெல்லாம் பிழைத்துக்கொண்டன. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட விளக்கு போய்விட்டது. விஷயம் புரிந்ததும் ஆயாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "நான்தானே தினமும் தொடைக்கச் சொன்னேன். உங்க மேல என்ன இருக்கு?" என்று டாக்டரம்மா அவள் தோளைப் பிடித்தார்.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மாற்று ஹோல்டர் வேண்டுமே. கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர், எலக்ட்ரிக்கல் கடை சாத்திக் கிடந்தது. மச்சான் அண்ணாந்து பார்த்தார். டாக்டரம்மாவும் அண்ணாந்து பார்த்தார். "கழட்டிக்கோங்க" என்றார் டாக்டரம்மா. முதலில் கை கழுவுகிற தொட்டி விளக்கு. அப்புறம் வார்டு. நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மச்சான் ஒவ்வொரு விளக்காக ஏறி இரண்டு முனை ஹோல்டரையும் கழற்றிக்கொண்டு இறங்கினார். வார்டு இருண்டது. தாழ்வாரம் இருண்டது. இன்னும் ஒரு ஜோடி வேண்டும். டாக்டரம்மா தன் அறையைத் திறந்துவிட்டு, டார்ச்சை வைத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்தார். கையில் சீட்டோடு காத்திருந்தவர்களும் மச்சானைப் பார்த்து, "மொதல்ல கொழந்தைக்குப் பாருங்க சார்" என்றார்கள். வாசலில் டிரைவர் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார். இன்ஜின் சத்தம் என் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வெளியே மழை வெளிச்சம் சாம்பலாகி வந்தது. மச்சான் ஒயரைப் பல்லால் கடித்து உரித்தார். 

"போடு மாப்ள."

போட்டேன். முதல் டியூபின் ஓரம் சிவந்தது. சிமிட்டியது. சிமிட்டியது. பிடித்துக்கொண்டது. அப்புறம் இரண்டாவது, மூன்றாவது. நாலாவது ரொம்ப நேரம் யோசித்தது. மச்சான் அதை ஒரு விரலால் தட்டி, "எரிடா என் சிங்கம்" என்றார். எரிந்தது. இருண்டு கிடந்த அந்த ஆஸ்பத்திரியில் அந்த ஒரு மூலை மட்டும் நீலமாக நின்றது. அப்பாடா!  நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த யாரோ இறங்கிப் போன மாதிரி இருந்தது. வெளியே போய் டிரைவரிடம், "நீங்க கெளம்புங்கண்ணா" என்றேன். "எரிஞ்சிடுச்சா?" என்று கேட்டு, அவரும் இறங்கி உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். நான் குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

டாக்டரம்மா கையைப் பெட்டிக்கு அடியில் நீட்டிப் பார்த்து, கொஞ்ச நேரம் எரியவிட்டு, அப்புறம்தான் குழந்தையைக் கேட்டார். என் மனைவி ஒரு கையால் வயிற்றையும் ஒரு கையால் கட்டிலையும் பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்கிற எங்களைச் சட்டை செய்யாமல் நடந்து வந்தாள். கண் கட்டிய குழந்தை நீல வெளிச்சத்தில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. "இன்னாங்க, கிருஷ்ணர் கணக்கா கீறா" என்று சிரித்தாள். தையல் இழுத்ததில் ஆ என்று கத்திவிட்டு மறுபடியும் சிரித்தாள். பால் கொடுக்க நாலு எட்டு வைத்தால் போதும் என்று ஆகிவிட்டதே, அந்தச் சிரிப்பு. மறுநாள் எடுத்த ரத்தத்தில் மஞ்சள் ஏறவில்லை. அதற்கு மறுநாள் இறங்கிவிட்டது. பாண்டிச்சேரிப் பேச்சே இல்லை என்று டாக்டரம்மா சொன்னபோது, மச்சான் பழைய மச்சானாகிவிட்டார். "நான்தான் அப்பவே சொன்னேனே, ஹோல்டர்னு" என்றார். ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அந்த ஒரு பொய்யை நாங்கள் யாரும் இன்றுவரை மறுத்ததில்லை. எங்கள் மிக்ஸிக்காகவும் அவரை நான் மன்னித்துவிட்டேன்.

இப்போது நாங்களும் மரக்காணத்துக்காரர்கள்தான். அந்த மாதிரி டியூப்லைட் எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஸ்டார்ட்டரும் சோக்கும் இல்லாமல் தொட்டதும் எரிகிற விளக்குகள். போனால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டுகிறார்கள். மகள் பாண்டிச்சேரியில் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் காலையில் அதே ரோட்டில், கீழ்புத்துப்பட்டு தாண்டி, பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டே போகிறாள். தலை நரைத்த மச்சான் சில நாள் டீக்கடையிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்று சத்தம் போடுவார்: "ஒன்ன பாண்டிக்கு அனுப்பாம இருக்க நான் ஒரு நாளு முச்சூடும் ஸ்டூலு மேல ஏறி எறங்குனேன்டி. இப்ப நீயே தெனைக்கும் ஓடற." அவள், "நேரமாச்சு மாமா" என்று ஏறிவிடுவாள்.

பஸ் திரும்பி மறைகிறவரை, வழியனுப்ப என்னோடு வருகிற என் மனைவி நகர மாட்டாள். ஒருநாள், "காலேஜுக்குத்தானே போறா, அதுக்கு ஏன் தினமும் இப்படி நிக்கற?" என்று கேட்டேன்.

"அன்னிக்குப் போயிருந்தா எப்படிப் போயிருப்பாளோன்னு பாக்கறேன்" என்றாள். அப்புறம் புடவையைச் சரி செய்துகொண்டு, "வாங்க போலாம். சாயங்காலம் வந்துடுவா" என்று நடந்தாள்.